தாய்மாமன் படமும் அறுபத்துநாலு மூளையும்

அருப்புக்கோட்டை ஃபிளெக்ஸ் கடை முதலாளி கோட்டைச்சாமி லட்சங்களைக் கொட்டி ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கு மாலையும் போட்டுவிட்டார். "அறுபத்துநாலு கோர்! உள்ளே அறுபத்துநாலு மூளை!" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்புறம் டிசைனர் முத்துப்பேச்சி பக்கம் திரும்பினார். "உன் ஆறு கோர் டப்பாவை எடைக்குப் போடப்போறேன். வேணும்னா என் மெஷினை ஜெயிச்சுக் காட்டு, விட்டுடறேன்."

"சரி முதலாளி. முதல்ல வர்ற ஆர்டரை ரெண்டுலயும் செஞ்சு பாத்துருவோம்."

முதலில் வந்தவர் ஒரு தாய்மாமன். காதுகுத்து ஃபிளெக்ஸில் எல்லாரையும்விடத் தன் படம்தான் பெரிதாக நிற்க வேண்டுமாம். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாராம். வெளியே ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது.

முதலாளி சர்வரிலும் முத்துப்பேச்சி தன் டப்பாவிலும் மாமன் படத்தைப் பெரிதாக்கும் பட்டனை ஒரே நேரத்தில் தட்டினார்கள். சர்வர் ஹெலிகாப்டர் மாதிரி இரைந்தது. சடாரென்று அவள் டப்பாவில் மாமன் மீசையும் வேட்டியுமாக எழுந்து நின்றார்! சர்வரில் இன்னும் மாமனின் கிராப்புத் தலைதான் வந்திருந்தது.

"அறுபத்துநாலு மூளையும் என்ன புள்ள பண்ணுது?" என்று அலறினார் கோட்டைச்சாமி.

"ஒத்தப் படம் ஒத்தத் தோசை மாதிரி, பிரிச்சுக் கொடுக்க முடியாது. ஒத்தத் தோசைக்கு அறுபத்துநாலு மாஸ்டர் நின்னாலும், ஒருத்தருதான் முதலாளி ஊத்த முடியும். மத்தவங்க வேடிக்கை பார்ப்பாங்க. அந்த ஒருத்தரைவிட என் மாஸ்டருக்குக் கை வேகம்."

"அப்ப இது தண்டமா?"

"யாரு சொன்னா? அறுபத்துநாலு மாமனை ஒரே நேரத்துல கூட்டிட்டு வாங்க. உங்க மெஷின் என் டப்பாவைத் தூக்கிச் சாப்பிட்டுடும்."

கோட்டைச்சாமி ஆவலாக வாசலை எட்டிப் பார்த்தார். இருந்த ஒரு மாமனும் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்.