துளசிமணியின் அடுப்படி ஜன்னல்

மாடு இன்னும் வரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது. ஐயர் வந்துவிட்டார், ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டது, வாடகை வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றிய டெம்போகூட வந்து வாசலில் நின்றுவிட்டது. அவிநாசிக்குப் பக்கத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே கிரகப்பிரவேசத்துக்குப் பழகின மாடு ஒன்றுதான். முகூர்த்த நாளில் அது ஒவ்வொரு வீடாக நுழைந்து, எல்லா வீட்டிலும் வாழைப்பழம் தின்றுவிட்டு, கடைசியாகத்தான் இங்கே வரும். அதுவரை பொழுது போகவேண்டுமே என்று கார்முகிலன் வாயைத் திறந்தார்.

கார்முகிலன்தான் இந்த வீட்டை வடிவமைத்தவர். இயற்கையோடு இசைந்து வாழும் வீடு கட்டித் தருகிறவர் என்று சொல்லிக்கொள்வார். பெயருக்கு முன்னால் ‘பசுமைச் சிற்பி’ என்று ஒரு பட்டம் உண்டு. யார் கொடுத்தது என்று கேட்டால், “மரங்க குடுத்ததுங்க” என்பார். பேச்சு மட்டும் இல்லாவிட்டால் நல்ல மனுஷன் என்று சொல்லலாம்தான், ஆனால் பேச்சைக் கழித்துவிட்டால் ஆளில் ஒரு ஜிப்பாவும் ஒரு ருத்திராட்சமும்தான் மிஞ்சும்.

வீட்டுக்காரி துளசிமணி தாம்பூலத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி ஆயுசைப் பஞ்சு மில்லில் கழித்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, புகை பட்டால் இழுப்பு வந்துவிடும். அதனால் இந்த வீட்டுக்கு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அடுப்படிக்கு ஒரு ஜன்னல்.

“ஜன்னலா! அம்மணி, இது வைக்கோல் சுவருங்க. வீடு தானா மூச்சு விடும். ஜன்னல் வெக்கறது அதோட விலாவுல கத்தி போடற மாதிரி” என்று பதறிவிட்டார் சிற்பி. அவள் புருஷன் குப்புராஜ், வாய் பிளந்து கேட்டுவிட்டு, “விலாவுல எப்பிடீங்க குத்தறது” என்று சேர்ந்துகொண்டான். வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேலே மண்ணும் வெல்லத் தண்ணியும் கடுக்காய்ச் சாறும் குழைத்துப் பூசி, ஓட்டை ஒன்றுகூட இல்லாமல் அடுப்படியை மூடினார்கள். பூச்சு முடிந்த அன்றைக்கு உள்ளே போய் நின்று பார்த்தாள். அழுகைதான் வந்தது. வாடகை வீட்டுச் சாவியையும் நேற்றே கொடுத்தாயிற்று. இன்று பால் காய்ச்சுவதும் ராத்திரி படுப்பதும் இந்த வீட்டுக்குள்தான்.

அவள் கையிலிருந்த தட்டில் ஒரு பட்டு வேட்டி, ஒரு ஜரிகைத் துண்டு, ஒரு ரோஜா மாலை இருந்தன. வீட்டைக் கட்டிக் கொடுத்தவருக்குப் பால் காய்ச்சியதும் செய்கிற மரியாதை அது. கார்முகிலன் ஒவ்வொரு புளுகுக்கும் நடுவில் அந்தத் தட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

“பவானியில ஒரு வீடு கட்டினேனுங்க” என்று ஆரம்பித்தார். “மண் சுவரு. அக்கினி நட்சத்திரத்துல, வெளிய தார் ரோடு உருகி ஓடுது, உள்ள வீட்டுக்காரரு ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கறாரு. தயிர் உறையல. பாலை வெளிய வெயில்ல வெச்சு, உறைஞ்சப்பறம் உள்ள எடுத்துட்டு வருவாங்க.”

“என்ற கோழிப் பண்ணையிலயும் ஓலைதாங்க போட்டிருக்கறேன். கோழி ஒண்ணும் ஸ்வெட்டர் கேக்கல” என்றார் நாச்சிமுத்து. இவர் துளசிமணியின் தாய்மாமன். கல்யாணமானாலும் கருமாதியானாலும் முன்வரிசை நாற்காலியும் கடைசிப் பேச்சும் தனக்கே என்று நினைக்கிறவர்.

“கோழிக்கு வாயில்லீங்க ஐயா, அது எப்பிடிக் கேக்கும்?” என்று கார்முகிலன் அசையாமல் சொன்னார். “அதை விடுங்க. தாராபுரத்துல ஒரு வீட்டுக்கு மழைநீர்த் தொட்டி வெச்சேன். ஒரே ஒரு தூறல். தொட்டி ரொம்பி, கெணறு ரொம்பி, பக்கத்து ஊருக் கெணறெல்லாம் ரொம்பிப் போச்சு. அதுக்கடுத்த வருஷம் மழை பொய்ச்சுதுங்களா? மேகம் நேரா அந்த வீட்டு மொட்டை மாடிக்கு வந்து, ‘கொஞ்சம் தண்ணி இருக்குமா’ன்னு நிக்குது!”

“குடுத்தீங்களா?” என்று கேட்டது வேறு யாருமில்லை, குப்புராஜ்தான்.

“ஒரு சொம்பு குடுத்தோமுங்க. மூணு தாலுக்காவுல மழை.”

பந்தலில் சிரிப்பு கிளம்பியது. துளசிமணிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆளை நம்பித்தானே மாடிப்படி வேண்டாம், குழாய் சுவருக்குள் வேண்டாம், ஜன்னல் வேண்டாம் என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தோம் என்று நினைத்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆனைக்கட்டிப் பக்கம் ஒண்ணு இருக்குதுங்க” என்று கார்முகிலன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “அதுல தூணே கெடையாது. பச்சைப் பூவரசங் கம்பு நட்டு, அது மேல வீடு. கம்பு வேர் புடிச்சு வளர ஆரம்பிச்சுது. வருஷத்துக்கு ஒரு மாடி! கீழ் வீட்டுல குடிபோனவங்க இப்ப நாலாவது மாடியில இருக்கறாங்க. பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு, மறுநாளே மேக்கால ஒரு ரூமு துளிர் விட்டுது.”

“மாமியாக்காரி வந்தா?” என்று குப்புராஜ் கேட்டுவிட்டான்.

“இலை உதிர்ந்துருமுங்க. அவங்க ஊருக்குப் போனப்பறந்தான் மறுபடி தழைக்கும்.”

துளசிமணியின் மாமியார் சடக்கென்று திரும்பிக் குப்புராஜைப் பார்த்தாள். குப்புராஜ் பந்தல் துணியைப் பார்த்தான்.

“யானை வர்ற வழியில வீடு கட்டினா அது வந்து இடிச்சுப் போடுமே, அதுக்கு என்ன வெச்சிருக்கறீங்க?” என்று நாச்சிமுத்து விடாமல் பிடித்தார்.

“அதத்தான் சொல்ல வந்தேன். நம்ம வீடு இடிபடாதுங்க. யானை வாசம் வந்ததும் வீடு எந்திரிச்சு ஒதுங்கி நின்னு வழி விட்டுரும். யானை போனப்பறம் வந்து உக்காந்துக்கும். ஒரு தடவை வீட்டுக்காரரு குளிச்சுட்டு இருக்கறப்ப எந்திரிச்சுருச்சு. பாவம், மனுஷன் சோப்போட வெட்டவெளியில நிக்கறாரு, யானை கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிருச்சு. அன்னிக்குத்தான் மரங்க எனக்குப் பட்டம் குடுத்துதுங்க.”

நாச்சிமுத்து அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். நல்லவேளையாக அந்நேரம் மாட்டுக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். எமகண்டம் பிறக்கக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று ஐயர் அவசரப்படுத்த, மஞ்சள் குங்குமம் வைத்து மாட்டை உள்ளே விட்டார்கள்.

விடிந்ததிலிருந்து வாழைப்பழத்தையே தின்று சலித்துப்போன மாடு அது. கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போய், சுவரோரம் நின்று மோந்து பார்த்தது. பிறகு நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது. வெல்லம்! இன்னொரு நக்கு. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே பொன்னாக வைக்கோல் தெரிந்தது.

அதற்கப்புறம் மாடு யாரையும் கேட்கவில்லை.

மாட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். கார்முகிலன் “ஏய், ஏய்” என்று ஓடிவந்து கையை ஓங்கினார். ஐயர் குறுக்கே பாய்ந்தார். “ஓய், என்ன காரியம் பண்றீர்! கிரகப்பிரவேசத்தன்னிக்கு லட்சுமி சாப்பிட்டுண்டிருக்கா. கை வைக்கப்படாது!” அவ்வளவுதான், அத்தனை பேரும் கும்பிட்ட கையோடு நின்றுவிட்டார்கள். வீட்டுக்குள் வந்த மகாலட்சுமியை எவன் துரத்துவான்? மாடு நிதானமாக வைக்கோல் கட்டைப் பிடித்து உருவியது, மென்றது, மறுபடி உருவியது. கடைசிப் பிடியை இழுத்தபோது வெளிப்பூச்சும் சேர்ந்து விழுந்தது. பந்தல் தெரிந்தது, டெம்போ தெரிந்தது. தெற்கிலிருந்து காற்று உள்ளே வந்து துளசிமணியின் முகத்தில் அடித்தது.

அடுப்பு மேடைக்கு நேர் மேலே, அவள் கையால் காட்டிக் காட்டிக் கேட்ட அதே இடத்தில், அளவெடுத்து வைத்தது போல ஒரு ஓட்டை. அவள் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து விட்டாள். அந்த வீட்டுக்குள் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது அதுதான் முதல் தடவை.

கார்முகிலன் ஓட்டையை ஒரு பார்வை பார்த்தார். ஜிப்பாவை உதறிவிட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“பாத்தீங்களா! இதுதாங்க என்ற டிசைனு. ஜன்னல் மனுஷன் வெக்கக் கூடாது, மாடுதான் வெக்கணும். அதுக்குன்னேதான் அந்த எடத்துல மட்டும் வெல்லம் தூக்கலாப் போடச் சொன்னேன். இப்ப இந்த மாடு போடற சாணியிலயே மீதி வேலை தானா நடக்கும். பொங்கலுக்குள்ள நெலவுச் சட்டம் முளைக்கும், சித்திரைக்குக் கதவு. கொசு வலை மட்டும் ஆடிக் காத்துலதாங்க வரும்!”

“சரிங்க” என்றார் நாச்சிமுத்து. “கூரை மேல ஆடு ஏறினா மாடி வந்துருமுங்களா?”

சிரித்துச் சிரித்து ஐயருக்கே புரையேறியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அடுப்பில் வைத்த பால் பொங்கியது. புகை வளைந்து வளைந்து போய் மாடு வைத்த வழியாக வெளியேறியது. துளசிமணிக்கு ஒரு இருமல்கூட வரவில்லை.

“கட்டினவருக்கு மரியாதை பண்ணிடுங்கோ, நாழியாறது” என்றார் ஐயர்.

கார்முகிலன் ஜிப்பா காலரைச் சரிசெய்து, மாலைக்கு வாகாகத் தலையைக் குனிந்துகொண்டார். துளசிமணி தட்டோடு வந்தாள். வந்தவள் அவரைத் தாண்டிப் போனாள். ரோஜா மாலையை எடுத்து மாட்டின் கழுத்தில் போட்டாள், ஜரிகைத் துண்டை அதன் முதுகில் விரித்தாள், பட்டு வேட்டியை மாட்டுக்காரர் கையில் கொடுத்தாள்.

“நான் கேட்டத இந்த வீட்டுல கட்டிக் குடுத்தது இவ ஒருத்திதானுங்க” என்று சொல்லி, மாட்டின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குனிந்த தலையை நிமிர்த்தாமலே கார்முகிலன் கேட்டார். “அப்ப எனக்கு?”

“உங்களுக்குத்தான் மரங்க குடுக்குமில்லீங்க” என்றாள் துளசிமணி.