பாயச வாளியும் ஸ்டேஷன் சாவியும்

ஒரே தண்டவாளத்தில் ரெண்டு பேர் ரயில் விட்டால் யார் ஜெயிப்பார், சொல்லுங்கள் பார்க்கலாம்? வேகமாக ஓட்டுகிறவரா, டிக்கெட் விலையைக் குறைத்தவரா? கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வெண்பாக்கம் ராஜாவுக்கு ஒரு ரயில் பாதை இருந்தது. அதை நடத்தியவர் ராணியின் தம்பி மருதப்பர். ரயில் வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. யாராவது முனகினால், "வேற ரயில் இருந்தா அதுல போ" என்பார்.

ஐரோப்பாவில் ஒரே பாதையில் பல கம்பெனிகள் போட்டி போட்டு ரயில் விடுகின்றனவாம். அதைக் கேள்விப்பட்ட ராஜா, தானும் தண்டோரா போட்டார். "யாரும் ரயில் விடலாம். ஒரு மாதத்துக்குள் ஓடாவிட்டால் அனுமதி ரத்து."

பூ வியாபாரி தையல்நாயகி துணிந்து ஒரு ரயில் வாங்கினாள். கழுவித் துடைத்து, ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்துப் போட்டாள். ரயில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கெடு முடிய ஒரே நாள் இருக்கும்போது மந்திரி அம்பலவாணரிடம் ஓடி வந்தாள்.

"பாதையும் ஸ்டேஷனும் மருதப்பர் கையில இருக்குங்கய்யா. எப்பக் கேட்டாலும், 'உன் ரயிலுக்கு இன்னும் நேரம் ஒதுக்கலை, மனு கொடு, பரிசீலிக்கிறோம்'ங்கிறார்."

"ராஜாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'போட்டின்னா கொஞ்சம் கஷ்டமாத்தாம்மா இருக்கும்'னுட்டார்."

மந்திரி சிரித்தார். "நாளைக்கு அரண்மனை விருந்துக்கு வா. வீட்டுலயே சாப்பிட்டுட்டு வந்துடு."

மறுநாள் பந்தியில் மந்திரி எழுந்தார். "அரசே, மருதப்பருக்கும் எனக்கும் பாயசப் போட்டி. யார் அதிகம் குடிக்கிறாங்கன்னு நீங்க பார்த்துச் சொல்லணும். பரிமாறுறது நானே."

மருதப்பர் தொந்தியைத் தடவிக்கொண்டார். "முருங்கைக்காய் மாதிரி இருந்துக்கிட்டு என்கூடப் போட்டியாய்யா? சரி, ஊத்தும்."

மந்திரி வாளியை மடியோடு வைத்துக்கொண்டு, கரண்டியால் தன் டம்ளரில் ஊற்றிக் குடித்தார். மறுபடி ஊற்றினார். மறுபடியும் தன் டம்ளரில்தான்.

"எனக்கெங்கய்யா?" என்றார் மருதப்பர்.

"உங்க டம்ளருக்கு இன்னும் நேரம் ஒதுக்கலை. மனு கொடுங்க, பரிசீலிக்கிறோம்."

நெய் வாசனை மூக்கைத் துளைத்தது. மந்திரி முந்திரியை ஒவ்வொன்றாக மென்றார். மருதப்பரால் தாங்க முடியவில்லை.

"அத்தான், இது என்ன நியாயம்? போட்டியில உக்கார்ந்தவர் கையிலயே கரண்டியைக் கொடுக்கலாமா? சாப்பிடாத ஆளாப் பார்த்துக் கொடுங்க."

ராஜா மருதப்பரைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். ஓரமாக நின்ற தையல்நாயகியைப் பார்த்தார். அப்புறம் இலை அதிரச் சிரித்தார்.

"நல்லாச் சொன்னே மச்சான். ஸ்டேஷன் சாவியை இப்படி வை. இனி அது ரயிலே விடாத ஆள்கிட்டதான் இருக்கும். அம்மா, உன் ரயில் இன்னிக்கே கிளம்பும். மந்திரி, இந்தாரும் என் முத்துமாலை."

"மாலை இருக்கட்டும் அரசே, கரண்டி யார் கையில? இங்கே சாப்பிட்டுட்டு வந்தது இந்தப் பொண்ணு ஒண்ணுதான்" என்று மந்திரி வாளியைத் தையல்நாயகியிடம் நீட்டினார்.

மருதப்பர் சாவியை இலையோரம் வைத்தார். ரெண்டு கையாலும் டம்ளரை ஏந்தினார்.

"அம்மா தையல்நாயகி, முந்திரியெல்லாம் அடியில கிடக்கும். கொஞ்சம் கலக்கி ஊத்தும்மா."