தில்லைநாயகம் புதுப்பித்த தோட்டம்

தில்லைநாயகம் வாயைத் திறந்தால் சிட்னித் தமிழர்களில் பாதிப்பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள். மீதிப்பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்குக் கோமளவல்லி இரண்டும் செய்கிற நிலையில் இல்லை.

அவள் வாங்கிய வீட்டோடு, பழைய சொந்தக்காரரான மார்ஜரி வளர்த்த தோட்டமும் வந்தது. எல்லாம் அந்த மண்ணிலேயே பிறந்த ஆஸ்திரேலியச் செடிகள். நடுவில் ஒரு பேங்க்சியா மரம், மார்ஜரியின் செத்துப்போன கணவர் நட்டது. தோட்டத்தைப் புதுப்பிக்கிறேன் என்று கோமளவல்லி கிளைகளைக் கழித்தாள், மரச்சிராய் பரப்பினாள், போதாதென்று ஊர்ப் பாசத்தில் கோழி உரத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினாள். பேங்க்சியாவுக்கு அது விஷம் என்று யார் கண்டது? மரம் நின்ற இடத்திலேயே காய்ந்துபோனது. புதுத் தோட்டத்தைப் பார்க்க மார்ஜரி இன்று டீக்கு வருகிறார்.

"இதுக்கா கலங்குறே?" என்றார் தில்லைநாயகம், மூன்றாவது வடையை எடுத்தபடி. "என் தோட்டத்தைப் புதுப்பிச்சப்போ கிரெவில்லியா பூத்துச்சு பாரு, ஒரே தேன். அடிமரத்துல குழாய் மாட்டிட்டேன். எங்க வீட்ல சீனி வாங்கியே வருஷமாச்சு."

"காப்பித்தூளு?" என்றான் கோமளவல்லியின் புருஷன் எழிலரசன்.

"அதுக்கு வேற மரம். குறுக்கே பேசாதே. அந்தத் தேனைக் குடிச்ச கிளியெல்லாம் போதையில கூரை மேல கிடக்கும். சாயங்காலம் நான்தான் கார்ல ஏத்தி அதது கூட்டுல இறக்கி விடுவேன்."

"எது எந்தக் கூடுன்னு எப்படித் தெரியும்?"

"பொண்டாட்டிக் கிளி வாசல்ல நிக்கும்ல. அதை விடு, யூகலிப்டஸ் வளந்துச்சு பாரு, ஒரு நாள் பைலட்டே ஜன்னலைத் திறந்து, 'சார், கொஞ்சம் கழிச்சு விடுங்க'ன்னாரு. ஏறிக் கழிச்சேன். இறங்குறதுக்குள்ள தாடி வளந்துடுச்சு."

கோமளவல்லி சிரிக்கவில்லை. "அண்ணே, இந்த பேங்க்சியாவுக்கு ஒரு வழி சொல்லுங்க."

தில்லைநாயகம் காய்ந்த மரத்தைப் பார்த்தார். அதில் காய்கள் கட்டை கட்டையாய்த் தொங்கின. கையிலிருந்த வடையைப் பார்த்தார். அந்த நிமிஷம் தோன்றியதைச் சொன்னார். "அந்தக் காயைப் பறிச்சு ஓவன்ல வச்சுச் சுடு. வாயைத் திறந்து விதையைத் துப்பும். நட்டா முளைக்கும்."

எழிலரசன் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. பைலட்டைக்கூட நம்பிவிடலாம், சுட்ட விதை முளைக்குமா? கோமளவல்லிக்கே கோபம் வந்துவிட்டது. "மனுஷி தவிக்கிற நேரத்துல விளையாடாதீங்கண்ணே."

அப்போது மார்ஜரி வந்தார். கோமளவல்லி அவரை நேரே மரத்தடிக்கு அழைத்துப்போய் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொல்லி அழுதாள். மார்ஜரி கொஞ்ச நேரம் பட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு ஒரு காயை ஒடித்து அவள் கையில் வைத்தார்.

"இதை ஓவனில் சுடு. காட்டுத்தீ வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெடிக்கும், விதை விழும். என் கணவர் டாம் இந்த மரத்தையும் அப்படித்தான் முளைக்க வைத்தார்."

கோமளவல்லிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. எழிலரசன் மெல்லத் திரும்பித் தில்லைநாயகத்தைப் பார்த்தான். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. இத்தனை வயதில் இப்படி ஓர் அவமானம் அவருக்கு நேர்ந்ததே இல்லை.

அவர் கோமளவல்லியைத் தனியே கூப்பிட்டுக் காதோடு சொன்னார். "நம்பாதேம்மா. அந்தம்மா சும்மா அளந்து விடுது."