கண்ணாடி இழை வந்து சேர்ந்த ஊர்

மலைக்கு இந்தப் பக்கம், பஸ் வந்து திரும்பிப் போகிற இடத்திலே ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊருக்கு ஒருநாள் பட்டணத்திலிருந்து ஒரு கண்ணாடி இழை மண்ணுக்கடியிலே ஊர்ந்து வந்ததாம். இரண்டு ஓடை, ஒரு சுடுகாடு, எத்தனையோ தோப்பு தாண்டி வந்தது. உலகத்தின் எந்த மூலையில் யார் என்ன சொன்னாலும், கண்ணை மூடித் திறப்பதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஏழைபாழை எல்லாரும் காசில்லாமல் பயன்படுத்தட்டும் என்று அரசாங்கம் அனுப்பிவைத்த இழை.

ஊராட்சி அலுவலகத்தின் பின்னறையில் ஒரு பெட்டி அதற்காகக் காத்திருந்தது. இழை அதன் வயிற்றுக்குள் தலையை நுழைத்து, "வந்துட்டேன். யாருக்கு என்ன வேணும்?" என்று கேட்டது.

"யாரும் இல்லையே," என்றது பெட்டி.

வெளியே கதவில் தொங்கிய பூட்டு சிரித்தது. "வந்தாலும் நான் விடமாட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான என்னைய இங்க தொங்க விட்டிருக்காங்க."

"எங்களுக்கு என்ன ஆயிடும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பூட்டச் சொன்னாங்க, பூட்டிக்கிட்டேன்."

இப்படியே எட்டு மாதம் போயிற்று. இழைக்குள் ஊரும் உலகமும் ஓடிக்கொண்டே இருந்தன. பெட்டி ஒரு பச்சை விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு, இருட்டறையில் தன்னந்தனியாக முழித்துக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை இருக்கும். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் சுடலியும் அவள் மகள் முப்பிடாதியும் மூச்சு வாங்க ஓடிவந்தார்கள். உள்ளே ஊராட்சிச் செயலர் அருமைநாயகம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இவளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு," என்றாள் சுடலி. "இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள, சம்மதம்னு போன்ல ஒரு பக்கத்துல அழுத்தணுமாம். இல்லைன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்துருவாங்களாம்."

"பாறை மேல ஏறிப் பார்த்தேன், மாமா," என்றாள் முப்பிடாதி. "சிக்னல் ஒத்தக் கோடுதான் வருது. மெசேஜ் வந்துட்டு, பக்கம் திறக்க மாட்டேங்குது. டவுன் பஸ்ஸும் ஆறு மணிக்குத்தான். பின்னறையில இருக்கிற வைஃபை பெட்டியக் கொஞ்சம் திறந்து விடுங்க."

அருமைநாயகம் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். "அடுத்த வாரம் ஆய்வுக்கு அதிகாரி வாராரு. பெட்டி புதுசு மாதிரியே இருக்கணும்மா."

"புதுசாவே இருக்கணும்னா கடையிலேயே விட்டுட்டு வந்திருக்கலாமே, அண்ணாச்சி."

அவருக்குச் சுருக்கென்றது. சாவியை எடுத்தார். எட்டு மாதத் துருவை உதிர்த்துக்கொண்டு பூட்டு வாயைத் திறந்தது.

"வந்துட்டாங்க!" என்றது பெட்டி. இழை விறைத்து நின்றது.

முப்பிடாதி போனை நீட்டினாள். பெட்டியின் பெயர் திரையில் தெரிந்தது. தொட்டாள். கடவுச்சொல் கேட்டது.

"பெட்டிய மாட்டுன பையன் ஒரு தாள்ல எழுதி அது நெத்தியில ஒட்டிட்டுத்தான் போனான்," என்றார் அருமைநாயகம். பிளாஸ்டிக் உறையை நீக்கினார்.

தாள் இருந்தது. திறப்பு விழா அன்று ஊராட்சித் தலைவர் பூசை போட்டு, பெட்டிக்குச் சந்தனம் குழைத்து மூன்று பெரிய பொட்டு வைத்திருந்தார். பொட்டு காய்ந்து எழுத்தின் மேலேயே இறுகிக் கிடந்தது.

அவர் தோள் துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்தார்.

"துடைக்காதீங்க! பேனா மை அது!" என்று பெட்டி கத்தியது. "நான் சொல்றேன், எட்டே எழுத்து, எனக்குத் தெரியும்!"

"பாருட்டி, என்னமோ கண்ணைச் சிமிட்டுது," என்றாள் சுடலி.

"அது அப்படித்தான்," என்றார் அருமைநாயகம், துடைத்துக்கொண்டே. சந்தனம் வந்தது. மையும் வந்தது. துண்டில் ஒரு நீலக்கறை. தாள் வெள்ளையாகிவிட்டது.

ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்த்தார்கள். அம்மன் பெயரைப் போட்டார்கள். தலைவர் பெயரையும் போட்டார்கள்.

"அந்தப் பையனுக்கு ஒரு போன் போடுங்களேன்."

"போன் போடப் பாறைக்குல்லா போகணும்."

முப்பிடாதி அந்தப் பையனின் எண்ணை வாங்கிக்கொண்டு பாறைக்கு ஓடினாள். நாலே முக்காலுக்கு வியர்த்து வழியத் திரும்பி வந்தாள். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லையாம்.

ஐந்து மணிக்கு இழை மெல்லச் சொன்னது. "அந்தப் பக்கத்தை மூடிட்டாங்க. அவ பேரை அடிச்ச சேதி என் வழியாத்தான் போச்சு. வேற பேரு ஏறிட்டு."



முப்பிடாதி அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "இதை எப்படிப் போடுறதுன்னு ஊருக்கு யாராவது சொல்லிக் கொடுப்பாங்களா, மாமா?"

"பயிற்சி எப்பவோ முடிஞ்சு போச்சும்மா," என்றார் அவர், குரல் இறங்க. "டீ, பிஸ்கட் எல்லாம் கொடுத்தாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

சுடலி மகளின் தோளைத் தொட்டாள். "வா. சூளையில நாளைக்கு ஆள் வேணும்னாங்க."

இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

அருமைநாயகம் உறையை மறுபடி போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டார். பதிவேட்டில், 'பெட்டி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினார். கதவைச் சாத்தினார். பூட்டு முதல் தடவையாக மூடிக்கொள்ளத் தயங்கியது.

"யார்கிட்ட இருந்துதான் காப்பாத்துறேன் நான்?" என்று கேட்டது.

அவர் ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார். பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.