ஐந்தாம் நம்பர்த் தடி

“பைக் மீனுக்கு எந்தத் தடி நல்லம் ரீச்சர்?” என்று குலவீரசிங்கம் கேட்டார்.

சிவகௌரி மேசையில் குனிந்து ஒரு கொக்கியைச் சுற்றிக் கோழியிறகு கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“சுவரிலை அஞ்சு இருக்கு. பாத்து எடுங்கோ.”

“நீங்கள் சொல்லுங்கோவன்.”

“நான் சொன்னா அது என்ர தடி.”

அவர்கள் இருந்தது ஓர் ஏரிக்கரை மரக்குடிசையில். ஒஸ்லோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். ஒக்டோபர் மாதம். பேர்ச் மரங்களில் பாதி இலை உதிர்ந்திருந்தது.

குலவீரசிங்கத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. முப்பது வருடம் டிராம் ஓட்டியவர். சிவகௌரி அவரைவிடப் பதினாறு வயது இளையவர். நோர்வேயின் வடகோடியில், ஒரு மீன் ஆலையில், பன்னிரண்டு வருடம் மீன் வெட்டியவர். ஒருநாள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, “வெட்டினது காணும், போதும்” என்றார். இப்போது இறகு கட்டிய தூண்டிலால் பைக் பிடிப்பதில் அந்த ஏரியில் அவருக்கு நிகர் யாருமில்லை. பிடித்ததையெல்லாம் திரும்பவும் தண்ணீரில் விட்டுவிடுவார்.

“சொதிக்கும் உதவாத மீனுக்கு இவ்வளவு பாடோ?” என்று குலவீரசிங்கத்தின் மனைவி சிரித்தார். அவரும் சேர்ந்து சிரித்தவர்தான். பிறகு ஒருநாள் கரையில் நின்று சிவகௌரி இறகு வீசுவதைப் பார்த்தார். நூல் தலைக்கு மேலே பின்னால் நீண்டது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. முன்னால் போய், நாணலுக்கு ஒரு சாண் இப்பால், சத்தமே இல்லாமல் இறங்கியது. அன்று பின்னேரமே போய், “எனக்கும் பழக்குங்கோ” என்று கேட்டார். அன்றிலிருந்து ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

குலவீரசிங்கம் தடி எடுக்கச் சுவரருகே எழுந்து போனபோது, சிவகௌரி இறகைக் கீழே வைத்தார்.

“எடுக்க முந்தி ஒண்டு சொல்லிப்போடுறன் அண்ணை. என்ர படகிலை ஒரு மீன் செத்தா, அடுத்த வருசம் முழுக்க நான் தூண்டில் தொடுறேல்லை.”

“நான் பிடிச்ச மீன் செத்தாலுமோ?”

“படகு என்ர படகுதானே.”

“அப்பிடி நடந்திருக்கோ?”

“ரெண்டு தரம்.”

“அந்த வருசங்களிலை என்ன செய்தனீங்கள்?”

“வந்து கரையிலை இருந்தன்.”

ஐந்து தடிகளின் கைப்பிடியிலும் ஒவ்வொரு நம்பர் இருந்தது. ஐந்து முதல் ஒன்பது வரை. நம்பர் கூடக்கூட நூல் தடிக்கும், தடி விறைக்கும். குலவீரசிங்கம் ஒன்பதை எடுத்து ஆட்டிப் பார்த்தார். அது வளைய மறுத்தது.

“என்ன இது, உலக்கை மாதிரி!”

ஐந்தை எடுத்தார். அது அவர் கையில் இளங்கொடிபோல ஆடியது. நுனி வளைந்து நிமிர்ந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான் ரீச்சர். மெல்லிசு. மீனுக்கும் நோகாது. முரட்டு மீனை இப்பிடி ஒண்டாலை பிடிக்கிறதுதானே கெட்டித்தனம்?”

சிவகௌரி தடியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“வடிவாப் பாத்துத்தான் எடுத்தனீங்களோ?”

“ஓம்.”

“சரி, வாங்கோ போவம்.”

சிவகௌரி துடுப்புப் போட்டார். பைக் நம்மூர் விராலைப் போல, புல்லுக்குள் அசையாமல் கிடந்து பாயும் மீன். வாய் தாரா வாத்தின் அலகுபோல இருக்கும், உள்ளே நிறையப் பல். அதற்குப் போடும் இறகும் பெரியது, மாவிலை அளவு. நனைந்தால் கனக்கும்.

குலவீரசிங்கம் வீசினார். மெல்லிய தடிக்கு அந்த இறகைத் தூக்க முடியவில்லை. அது பின்னால் போய், திரும்பி வந்து, அவருடைய தொப்பியில் கொழுவிக்கொண்டது.

“மீன் தண்ணிக்குள்ளை அண்ணை.”

“டிராமுக்கு இந்தக் கரைச்சல் இல்லை ரீச்சர். தண்டவாளம் தன்பாட்டிலை கொண்டுபோகும்.”

இரண்டாம் முறை படகின் விளிம்பில் விழுந்தது. மூன்றாம் முறை அவருடைய முதுகில்.

“இண்டைக்கு உங்களைத்தான் பிடிக்கப் போறியள்போல” என்றார் சிவகௌரி. படகை நாணலுக்குக் கிட்டக் கொண்டுபோனார். இப்போது இரண்டு ஆள் நீளத் தூரம் எறிந்தால் போதும். குலவீரசிங்கம் எறிந்தார். இறகு தொப்பென்று விழுந்தது. அவர் நூலை இரண்டு தரம் இழுத்தார்.

தண்ணீர் பிளந்தது.

“ரீச்சர்!”

“விடாதேங்கோ. நூலை இறுக்கிப் பிடியுங்கோ.”

தடி நுனியிலிருந்து கைப்பிடி வரை வில்லாக வளைந்தது. குலவீரசிங்கம் எழுந்து நின்று, பிறகு பயந்து உட்கார்ந்தார்.

“பாருங்கோ ரீச்சர், என்ன வளைவு! என்ன வளைவு!”

மீன் கீழே போனது. அவர் தடியை உயர்த்தினார். தடிதான் இன்னும் வளைந்தது, மீன் உயரவில்லை. இரண்டு முழம் எடுத்தால், அது மூன்று முழம் கொண்டுபோனது. எதிர்க்கரைத் தேவாலயத்தில் மணி அடித்தது. மீன் நாணலை நோக்கி ஓடியது. அது திரும்புமுன்பே சிவகௌரி படகைத் திருப்பியிருந்தார். ஒவ்வொரு தரமும் அப்படித்தான். மீன் எங்கே போகப் போகிறது என்று அதற்கே தெரியுமுன் துடுப்புக்குத் தெரிந்தது. குலவீரசிங்கம் தன் சந்தோசத்துக்கு நடுவிலும் அதைக் கவனித்தார்.

அரை மணித்தியாலம் கழிந்து மணி திரும்பவும் அடித்தது. குலவீரசிங்கத்துக்குத் தோள் கடுத்தது. அப்போதுதான் நூல் தளர்ந்து, மீன் மெல்ல மேலே வந்தது.

“தோத்திட்டுது!” என்றார்.

“இழுக்கிறதை விட்டிட்டுது” என்றார் சிவகௌரி.

அவர் வலையை நீருக்குள்ளேயே பிடித்தார். மீன் அதற்குள் வந்தது. ஒரு மீட்டருக்கு மேல் நீளம். பாசிப் பச்சை உடம்பு, அதில் எள்ளுத் தூவியதுபோல வெளிர்மஞ்சள் புள்ளிகள். சிவகௌரி நீண்ட இடுக்கியை அதன் பற்களுக்கிடையே விட்டு, ஒரு திருப்பில் கொக்கியை எடுத்தார். மீனை நீருக்கு வெளியே எடுக்கவேயில்லை.

“ஒரு படம் எடுப்பமோ ரீச்சர்?”

சிவகௌரி வலைக்குள் பார்த்தார். அவரும் பார்த்தார். மீன் மெல்லச் சரிந்தது. வெள்ளை வயிறு மேலே வந்தது.

குலவீரசிங்கம் தடியைப் படகுக்குள் போட்டார்.

சிவகௌரி வலையைப் படகோடு அணைத்தபடி ஒற்றைத் துடுப்பால் கரைப்பக்கம் தள்ளினார். இடுப்பளவு நீர் வந்ததும் இறங்கினார். இருவரும் நெஞ்சு வரையான ரப்பர் காற்சட்டை போட்டிருந்தார்கள்.

“நீங்களும் இறங்குங்கோ. கையுறையைக் கழட்டுங்கோ. கம்பளி பட்டா அதின்ர வழுவழுப்புப் போயிடும்.”

அவர் இறங்கினார். தண்ணீர் கையைக் கடித்தது.

“ஒரு கை வாலடியிலை. மற்றது வயித்துக்குக் கீழை. நிமித்திப் பிடியுங்கோ.”

“நீங்கள் பிடியுங்கோ ரீச்சர். எனக்குக் கைப்பழக்கம் இல்லை.”

“அது உங்களோடைதான் இவ்வளவு நேரம் இருந்தது.”

அவர் பிடித்தார். கை விட்டால் மீன் சரியும். முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டப் பார்த்தார். “ஆட்டாதேங்கோ, சும்மா பிடியுங்கோ” என்று சிவகௌரி அவருடைய பெருவிரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு சுற்றிப்போய் மீனின் தலைக்கு முன்னால் நின்றார். காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது. சிற்றலைகள் அவருடைய முதுகில் மோதி நின்றன. மீனிருந்த இடத்தில் தண்ணீர் அசையவில்லை.

“செவுள் அசையேல்லை ரீச்சர்.”

“பாத்துக்கொண்டிருங்கோ.”

ஒருமுறை அசைந்தது. அடுத்தது வர நெடுநேரமாயிற்று. குலவீரசிங்கத்தின் விரல்கள் முதலில் நொந்தன, பிறகு எரிந்தன, பிறகு அவருடையவையாக இல்லை.

“அடுத்த வருசம் உங்களுக்கு...” என்று தொடங்கினார்.

“மீனைப் பாருங்கோ.”

“எப்ப விடுறது?”

“நீங்கள் விடுறேல்லை. அது போகும்.”

அவர் பிடித்துக்கொண்டு நின்றார். செவுள் திறந்து மூடியது. திரும்பவும் திறந்தது. வெயில் நாணலைத் தாண்டிப் போயிற்று. சிவகௌரி நின்ற இடத்தை விட்டு ஓரடியும் நகரவில்லை. அவருடைய உதடும் நீலமாகியிருந்தது.

விறைத்த உள்ளங்கைக்குள் வால் ஒருமுறை இறுகியது. மீன் தன் பாரத்தைத் தானே எடுத்துக்கொண்டதை அவர் உணர்ந்தார். ஒரு உதறல். சிவகௌரியின் காலை உரசிக்கொண்டு ஆழத்துக்குப் போனது.

“பிழைக்குமோ ரீச்சர்?”

சிவகௌரி அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் எதுவும் மேலே வரவில்லை.

“போன போக்கைப் பாத்தா, பிழைச்சிடும்.”

குடிசைக்கு வந்து குலவீரசிங்கம் ஐந்தாம் நம்பர்த் தடியைச் சுவரில் மாட்டினார். விரல்கள் மடங்காததால் இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கித்தான் மாட்ட முடிந்தது.

“உங்களுக்கு முதலே தெரியும்” என்றார். “நான் இதை எடுக்கேக்கையே தெரியும், மெல்லிசாலை மீன் இழுபட்டே களைச்சுச் சாகும் எண்டு.”

“ஓம்.”

“மீன் செத்திருந்தா உங்களுக்கு ஒரு வருசம் போயிருக்கும்.”

“ஓம், போயிருக்கும்.”

அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்பவாவது சொல்லுங்கோ ரீச்சர். நாளைக்கு நான் எந்தத் தடி எடுக்க?”

சிவகௌரி பிளாஸ்க்கிலிருந்து இரண்டு கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றினார். ஆவி எழுந்தது. குலவீரசிங்கம் விறைத்த கைகளை ஒரு கோப்பையை நோக்கி நீட்டினார். சிவகௌரி அதை மேசையின் மறுபக்கத்துக்கு நகர்த்தினார்.

“தேத்தண்ணி பிறகு அண்ணை. கை சூடேறி மறக்க முந்திப் போய்த் தடியை எடுங்கோ.”