லைட் பிடிப்பவளின் பேட்டரி

தென்காசிப் பக்கம் எந்தக் கல்யாணத்திலும் மேளத்தைவிடச் சத்தமாகக் கேட்பது போட்டோகிராபர் ஞானசிகாமணியின் வாய்தான். "கம்பெனி பேட்டரி தவிர வேறெதையும் என் கை தொடாது!"

அவருக்கு லைட் பிடிப்பவள் பேச்சியம்மாள். அவளிடம் பாதி விலைப் பேட்டரி ஒன்று உண்டு, கேமராதான் இல்லை. என்றாவது அவருடையதைப் போலவே ஒரு கேமரா வாங்கிவிடுவோம் என்று, அதற்குப் பொருந்தும் பேட்டரியை முதலில் வாங்கி, சார்ஜ் போட்டுப் பையிலேயே வைத்திருந்தாள்.

அன்று மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் நேரம், கேமரா அணைந்துவிட்டது. மாற்றுப் பேட்டரியை ஞானசிகாமணி வீட்டிலேயே மறந்திருந்தார்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. பாதி விலைதான்."

பெண்ணின் அப்பா பக்கத்திலேயே நின்றார். ஞானசிகாமணி விறைத்துக்கொண்டார். "டூப்ளிகேட்டை நான் தொடமாட்டேன். ஆனா தாலி கட்டுறது படத்துல வந்தாகணும்!"

"நீங்க தொட வேண்டாம். இந்த லைட்டைப் பிடிங்க."

கெட்டிமேளம் கொட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் கேமராவைக் கொடுத்துவிட்டு லைட்டைப் பிடித்தார். பேச்சியம்மாள் பேட்டரியைப் போட்டுப் படம் எடுத்தாள்.

பந்தியில் ஞானசிகாமணி அந்தப் படத்தைக் கேமராத் திரையில் பெண்ணின் அப்பாவிடம் காட்டினார். "எப்படி வந்திருக்கு பாத்தீங்களா?"

"பிரமாதம். நீங்க லைட் நல்லாப் பிடிச்சிருக்கீங்க."

சாயங்காலம் பேச்சியம்மாள் தன் பேட்டரியைக் கழற்றிய பிறகு ஞானசிகாமணி கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அவள் பேட்டரியைக் கையில் பொத்திக்கொண்டு பஸ் ஏறினாள். உள்ளங்கையில் அது இன்னும் சூடாக இருந்தது. சூடு ஆறிய பிறகும் அவள் கையை விரிக்கவில்லை.