தர்மகர்த்தாவின் வெள்ளிக்குடம்

கும்பாபிஷேகத்தன்று காலையில், தர்மகர்த்தா பூவலிங்கம் கோயிலுக்குக் கொடுத்த வெள்ளிக்குடம் ஒழுகியது. அதைத் துலக்கிக் கொடுத்த ஈயம் பூசுகிற மாடத்தி மேல் பழியைப் போட்டார்.

"நீதான் ஓட்டையாக்கிட்டே. என் குடத்திலே ஈயம் படக்கூடாது. வெள்ளியை வச்சே பத்தவை. முடியலேன்னா இனிமே கோயில் வேலைக்கு வராதே!"

"சரிங்கய்யா. வெள்ளியை வச்சுப் பத்தவைக்க நெருப்பு கடுமையா வேணும். குடம் வெள்ளின்னா தாங்கும். மேலே மட்டும் வெள்ளி, உள்ளே ஈயம்னா உருகி ஓடிடும். ஊதட்டுமா?" என்று ஊதுகுழலை எடுத்தாள்.

"நில்லு, நில்லு! ஈயமே வச்சுடு தாயி!"

ஊரே தலை குனிந்தது. அந்தக் குடத்துக்காக அவருக்கு மாலை போட்டு, மேளத்தோடு வீடுவரை கொண்டுபோய் விட்டவர்கள் நாங்கள்.

ஓட்டையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, குடத்தை எங்கள் முன்னால் வைத்தாள் மாடத்தி.